பாலும் பஞ்சாயத்தும்

பிள்ளை பெற்றவளிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பால் வருதா?" மதுரையில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கிற அதே குரல், அதே சத்தம். பெரியத்தை கேட்டார், தரை துடைக்க வந்த அக்கா கேட்டார். வீட்டுக்காரரின் ஆபீஸ் மேனேஜருக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம்... வருதுல்லம்மா?" என்றார்.

வந்தது சீம்பால். தேக்கரண்டிக் கணக்குதான். முதல் நாள் பிள்ளைக்கு அதுவே போதும், பால் நன்றாகச் சுரக்க இரண்டு மூன்று நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும், அதற்குள் பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்குவரை குறைந்தாலும் பதற வேண்டாம் என்றார் டாக்டர். எடை குறைந்து பதறாமல் இருந்த சரித்திரம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பிள்ளை அழுதால் பசி, தூங்கினால் பசி மயக்கம். "காஞ்சு கெடக்கேடி புள்ள!" என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

அத்தை தேன் கிண்ணத்தோடு, பிள்ளை நாக்கில் தொட்டுச் சேனை வைக்கக் கிளம்பினார். சேனை வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். "எங்கண்ணன் வைக்கட்டும்" என்றார் அத்தை. அண்ணன் வாங்கிய கைமாற்று இன்னும் வரவில்லை என்பதை மாமா ஞாபகப்படுத்தினார். பஞ்சாயத்து சூடு பிடிக்கும்போது சிஸ்டர் உள்ளே வந்து கிண்ணத்தைக் கையோடு எடுத்துக்கொண்டார். "ஒரு வயசு வரைக்கும் தேனைக் கிட்டயே கொண்டுவரக் கூடாது. சர்க்கரைத் தண்ணி, கழுதப்பால் ஒண்ணும் வேணாம்." கழுதைப்பாலுக்கு ஆள் அனுப்பியிருந்த பெரியத்தை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எடை, டாக்டர் சொன்ன கோட்டைத் தாண்டி இறங்கியது. "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. முதல்ல மார்ல போடுங்க, அப்புறம் கொஞ்சம் பவுடர் பால், பாலாடையில. பால் ஊறினதும் நிறுத்திடலாம்." கழுதைப்பாலுக்குக் கலங்காத கூட்டம், "டப்பா பாலா!" என்று நெஞ்சில் கை வைத்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

டப்பாவும் என்னைக் கண்டிக்கத் தவறவில்லை. 1992இல் வந்த சட்டப்படி, தாய்ப்பாலே சிறந்தது என்று அதன் மேல் அச்சடித்தாக வேண்டும். விளம்பரம் கூடாது, கொழுகொழு குழந்தைப் படமும் கூடாது. நல்ல சட்டம். ஆனால் நடுராத்திரியில், தையல் வலியோடு, ஒரு தகரத்திடம் உபதேசம் கேட்பது தனி அனுபவம்.

கலக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. பவுடர் கிருமியற்றதல்ல என்பதால், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலந்துவிட வேண்டும். முதலில் 30 மில்லி தண்ணீர், பிறகு ஒரு அளவுக் கரண்டி, அதையும் கத்தியின் முதுகால் வழித்து. கட்டடம் கட்டும்போது சிமெண்டுக்குக் காட்டாத பக்தி. "கூட ஒரு கரண்டி போடுங்க மாப்ளே, கெட்டியா இருந்தா நல்லாத் தூங்கும்" என்றாள் அம்மா. "கரண்டி கூடினா பிள்ளைக்கு ஆகாது அத்தை" என்று அவர் அசையவில்லை. தம்ளரைப் பச்சைத்தண்ணீரில் ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து அவர் நிமிர்வதற்குள், வார்டையே எழுப்பிய பிள்ளை தூங்கிப்போயிருக்கும். காலைச் சுண்டி எழுப்பி, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்தால், பாதி உள்ளே, கால்வாசி கழுத்து மடிப்பில். குடித்த மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். டப்பா விலை தெரிந்த அத்தைக்கு அங்கேதான் உயிர் போனது.

அப்புறம் பால் சுரந்தது. பூண்டால் என்றாள் அம்மா. பால்சுறாப் புட்டால் என்றார் அத்தை. குலசாமிக்கு முடிந்த காசால் என்றார் மாமா. பிள்ளை விடாமல் சப்பியதால் என்ற சிஸ்டரை யாரும் சட்டை செய்யவில்லை. முக்கால் டப்பா மிஞ்சியது. வீணாக்கக் கூடாதென்று மாமா காபியில் போட்டுக் குடிக்கிறார். திக்காக இருக்கிறதாம், ஆனால் சர்க்கரை பத்தவில்லையாம்.