கடைமடைக்கு அப்பால் ஒரு தூண்டில்

தஞ்சாவூரிலிருந்து கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவரைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்கு, பால் வாங்கவும் போகாமல் பெரிய கோயிலுக்கும் போகாமல் மோட்டார் சைக்கிளில் கிழக்கே பறக்கிறவர் அவர்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மைத்துனரின் கையில் துணி சுற்றிய நீளமான சமாச்சாரம் ஒன்று வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். அம்மாபேட்டைப் பக்கம் ரோந்துப் போலீஸ் நிறுத்தினால், ‘தூண்டில் சார்’ என்று அவர் சொல்வதில் ஒரு பெருமிதம் தொனிக்கும். உத்தியோகம் கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ உரக்கடையிலோ இருக்கும். ரீலுக்கு வீட்டில் சொன்ன விலை ஒன்று, பில்லில் இருக்கும் விலை ஒன்று. மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார் என்று வாரத்துக்கு ஓர் ஊர். போன ஊருக்கு மறுபடி போவது அவர் கொள்கைக்கு விரோதம். மதியம் வெறுங்கையோடு திரும்புகிறவரைப் பார்த்து, மீனைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷன் என்று தெருவே சிரிக்கிறது. என் கட்சி வேறு. அவருக்குத் தண்ணீரைப் பற்றி நிறையத் தெரியும், அளவுக்கு மீறியே தெரியும். தெரிந்த தண்ணீர் வேறு தண்ணீர் என்பதுதான் கோளாறு.

காவிரித் தண்ணீர் உத்தரவின் பேரில் வருவது. எவ்வளவு வரவேண்டும் என்பதை 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை கணக்காகச் சொல்லிவிட்டது. மேட்டூரில் திறந்தது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் என்று பங்கு பிரிந்து, மதகு மதகாகக் கைமாறி, முறை வைத்து வாய்க்காலில் இறங்கும். ஷட்டரைத் தூக்க ஒரு லஸ்கர் உண்டு. அவர் தூக்காவிட்டால் போய்க் கேட்க ஓர் அதிகாரி உண்டு. அவரும் கேட்காவிட்டால் மறியல் செய்ய ஒரு சாலை உண்டு. இந்த ஏற்பாட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர் முதல்முதலாகக் கடல் முன்னால் போய் நின்றால் அவர் மனத்தில் எழும் கேள்விகள் மூன்று: யார் திறந்தது, எப்போது அடைப்பார்கள், நம்ம முறை எப்போது? வங்காள விரிகுடாவில் இவற்றுக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. வாய்க்காலில் அவர் படித்த பாடமும் இங்கே காலை வாருகிறது. மதகுக்குக் கீழே தண்ணீர் விழுகிற குழியில் தக்கையைப் போட்டுவிட்டு, அது அசைந்தால் சுண்டவேண்டும் என்பது பாடம். கடலில் தக்கை அசையாமல் நிற்கிற கணமே இல்லை. ஆகவே வருகிற அலைக்கெல்லாம் அவர் சுண்டுகிறார். அரைமணி நேரத்தில் தோள்பட்டை போய்விடும், மண்புழுவும் போய்விடும். உப்புத் தண்ணீரில் மண்புழு அதிக நேரம் உயிரோடு இருக்காது என்பதைப் புழுதான் முதலில் தெரிந்துகொள்கிறது.

‘இவ்வளவு வியாக்கியானம் எதற்கு? வீடியோ பார்த்துக் கெட்டுப்போன ஆள், அவ்வளவுதானே?’ என்று கேட்பார்கள். வீடியோவுக்குப் பங்கு உண்டு, ராடை வாங்க வைத்ததே அதுதான். ஆனால் வீடியோ வருஷம் பூராவும் ஓடுகிறது, இவரோ பிப்ரவரியில்தான் கிளம்புகிறார். காரணம் மேட்டூரில் இருக்கிறது. அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, அடைக்கும் நாள் ஜனவரி 28. அடைத்த கொஞ்ச நாளில் ஆற்று மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். மடுவில் தேங்கிய தண்ணீரும் வற்றி, அதிலிருந்த விராலும் கெளுத்தியும் குழம்புக்குப் போன பிறகு, தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? மேட்டூரைக் கேட்காமல் நிரம்பிக் கிடக்கும் தண்ணீர் கடல் ஒன்றுதான். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தடித்தது. முதல் வருஷம் அவருடைய கடல் பருவம் சுருங்கி, மற்ற வருஷம் நீண்டிருக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். கடல்மேல் காதல் கொண்டவர் இப்படி அணைக்கட்டின் தேதிப்படி காதலிக்கமாட்டார். வாய்க்கால் வறண்டதால் போகிறவர், போகும்போது வாய்க்காலையும் மனத்துக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் செயலி ஒன்று அவர் கைப்பேசியில் இருக்கிறது. 4.52-க்கு ஏற்றம் என்று அது சொன்னால் 4.50-க்குத் தூண்டிலை வீசமாட்டார். ராகு காலத்துக்குக்கூட வீட்டில் இவ்வளவு மரியாதை இல்லை. ஏற்றம் தொடங்கி இரண்டாம் மணியில் மீன் பிய்த்துக்கொண்டு கடிக்கும் என்று வீடியோவில் சொல்கிறவர்கள் வேறு கடல்காரர்கள். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் கடல் 10 மீட்டர் உயரம்கூட ஏறி இறங்கும். நாகப்பட்டினத்தில் அமாவாசை, பௌர்ணமிக்கும் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டுவதில்லை. இருந்தும் நம்புகிறார், ஏனென்றால் தேதி போட்டு வருகிற தண்ணீரை நம்பித்தான் அவர் தாத்தா நாற்றங்கால் விட்டார். கடலுக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது என்று தெரிந்தபோது அவருக்கு ஏற்பட்ட ஆறுதலைக் கொச்சைப்படுத்தக் கூடாது.

அறியாத கரைகளைத் தேடிப் போவதில் உள்ள வில்லங்கம் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். பழையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வழியாகக் கோடியக்கரை வரை கரை வடக்கு தெற்காக ஓடுகிறது: மணல், அலை, கண்ணுக்கு நேரே சூரியோதயம். கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்த மூலை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம், நினைத்த இடத்தில் நின்று வீச முடியாது. அதைத் தாண்டி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதிராம்பட்டினத்துச் சேறு, மல்லிப்பட்டினம். அலை அடங்கிய, ஆழமற்ற பாக் கடல். ஒரே மாவட்டத்து மனிதர் ஒரே ராடோடு இந்த இரண்டு கடலுக்கும் போகிறார். கிழக்குப் பக்கத்துக்கு வாங்கிய கனமான ஈயத்தை மல்லிப்பட்டினத்தில் வீசினால் அது சேற்றில் புதைந்து குடியேறிவிடும். இழுத்தால் கனக்கும். ‘பெருசு, பெருசு!’ என்று மைத்துனர் குதிப்பார். வந்து சேர்வது ஒரு கட்டுக் கடற்புல். கடற்பசுவுக்கு இது சாப்பாடு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது. அப்படி அரசாணை போட்டுக் காப்பாற்றப்படும் புல்லைத்தான் அவர் பெருமூச்சோடு முள்ளிலிருந்து பிரிக்கிறார். பக்கத்தில் மனோரா நிற்கிறது. ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்குச் சரபோஜி மன்னர் இங்கே கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. எவரோ எங்கேயோ பெற்ற வெற்றியை இந்தக் கரையில் கொண்டாடும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டு வயது ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாக்காரர் பிடித்த மீனைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு அதன் நிழலில் இட்லி சாப்பிடுகிறவரை மட்டும் குற்றம் சொல்வானேன்?

கிழக்குக் கரையில் தொல்லை வேறு தினுசு. பூம்புகாரில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல் இடுக்கில் மீன் இருக்கும் என்பது உண்மை. முள்ளும் ஈயமும் அங்கேயே இருந்துவிடும் என்பது அதைவிட உண்மை. தரங்கம்பாடிக்கு 1620-இல் டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்கூட, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் கோட்டை கட்டினார்கள். தஞ்சையிலிருந்து இன்றைக்கு வருகிறவர், வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று ஒரு புகார் உண்டு. அது நியாயமில்லை, கேட்கத்தான் செய்கிறார். ‘தம்பி, இங்க என்ன மீன் மாட்டும்?’ ‘மாட்டுனா மாட்டும்ண்ணே.’ இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு அவர் நூறு அடி தள்ளிப் போய்விடுகிறார். கிண்டலே இல்லை. கேள்வி அப்படி, பதில் இப்படி. காற்று எந்தப் பக்கம், தண்ணி கலங்கலா தெளிவா, ஓட்டம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று கேட்டிருந்தால் அந்தத் தம்பி வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பார். கேட்டது என்ன, ‘இந்தச் சாலையில் என்ன வண்டி வரும்?’ என்கிற மாதிரி ஒரு கேள்வி.

மீன் படாதபோதுதான் அவருடைய டெல்டா ரத்தம் முழுசாக வெளிப்படுகிறது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வராவிட்டால் தலைமடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று பொருள். இந்தச் சூத்திரம் வயலில் பல நேரம் சரியாகவும் இருந்திருக்கிறது. அதையே அவர் கடலுக்கும் போட்டுப் பார்க்கிறார். மேலே யாரோ அள்ளிவிட்டார்கள்: விசைப்படகுக்காரர்கள், அல்லது போன வாரம் வந்த கும்பகோணத்துக்காரர்கள். ஆகவே இடத்தை மாற்று. ஆறு மணிக்கு நாகூர், எட்டு மணிக்கு வேளாங்கண்ணி, பத்து மணிக்கு வெயில். எந்த இடத்தில் நின்றாலும் மீன் அடுத்த இடத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தலைமடைக்காரர் எடுக்காத அந்த இரண்டு மாதத்தில் அவருக்கு மீன் கொட்டவேண்டுமே? கொட்டுவதில்லை. சூத்திரம் தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவரோ அந்த மாதங்களில் இரையைக் குற்றம் சொல்கிறார். கடையில் இறால் விலையைக் கேட்டுவிட்டு மைதா மாவு உருண்டையோடு வந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு அவர் பக்கம் இருக்கும் ஒரே பலமான வாதத்தை மறைப்பது அழகல்ல. தண்ணீர் விழுகிற இடத்தில் மீன் நிற்கும் என்ற அவருடைய வாய்க்கால் சாஸ்திரம் ஒரு வகைக் கரையில் அப்படியே பலிக்கும். அரசலாறு காரைக்காலில், வெட்டாறு நாகூரில், வெள்ளையாறு வேளாங்கண்ணிக்கு அருகில், கொள்ளிடம் பழையாற்றுப் பக்கம் கடலில் சேர்கின்றன. கடல்நீர் ஏறிவராமல் தடுக்க ஆறுகளின் கடைசியில் ரெகுலேட்டர்கள் கட்டியிருக்கிறார்கள். கொடுவா கடல் பக்கம் போய் முட்டையிட்டு, கழிமுகத்திலும் உள்தண்ணீரிலும் வளரும் மீன். ஓட்டத்துக்கு ஒதுங்கி நின்று, தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் சின்ன மீனைப் பாய்ந்து பிடிக்கும். ரெகுலேட்டருக்குக் கீழே நன்னீர் உப்புநீரில் விழும்போது எங்கே வீசவேண்டும் என்று தஞ்சாவூர்க்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். வீடியோ பார்த்துப் படித்த சென்னைக்காரரைவிட அவர் அங்கே ஒரு படி மேல். ஆனால் இதற்கும் ஓர் ஆட்சேபம் இருக்கிறது, அது பலமானது. அவர் கடலுக்குக் கிளம்பும் மாதங்களில் ஆற்றில் தண்ணீரே இல்லை. விழுவதற்கு ஒன்றும் இல்லாத ரெகுலேட்டர், சில இடங்களில் மணல் மூடிய முகத்துவாரம். ஐப்பசி மழையில் ஆறுகள் கலங்கிப்போய்க் கடலில் விழும்போது, அவருடைய அறிவுக்கு வேலை வரும்போது, அவர் தஞ்சாவூரில் புதாற்றுப் பாலத்தில் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். வாய்க்கால் நிரம்பியிருக்கும்போது கடலுக்கு எவன் போவான்? இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி தெரியவில்லை. மனைவிமார்கள் முயன்று பார்க்கலாம்.

வரும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வந்து தாமே பிடித்ததாகச் சொல்வார் என்ற பழைய கேலியைத் தள்ளிவிடலாம். சொன்னால் எடுபடாது. தூண்டிலில் பட்ட மீனுக்கு வாயில் முள் கிழித்த தடம் இருக்கும், செவுள் வலையில் பட்டதற்குத் தலைக்குப் பின்னால் நரம்பு அழுத்திய கோடு இருக்கும். ஐஸில் கிடந்த மீன் கண்ணிலேயே சொல்லிவிடும். தஞ்சாவூர்ச் சமையலறைகளில் இந்தத் தடய அறிவியல் எப்போதோ முதிர்ந்துவிட்டது. பெட்ரோல் செலவுக்கு இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கலாமே என்ற கணக்கும் வீண். அந்தக் கணக்குப் போட்டால் குறுவையும் போடக்கூடாது.

தண்டிக்கத்தக்க குற்றம் ஒன்று உண்டு, அதில் சலுகை கிடையாது. கல்லில் மாட்டி அறுந்த தங்கூஸ் நரம்பை அவர் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அது மக்காது. நண்டும் பறவையும் அதில் சிக்கும். அவர் அலைகிற அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை இந்தக் கரைகளுக்கு முட்டையிட வருகிறது. கரைவலை இழுக்கிறவர்களின் காலிலும் அந்த முள்தான் ஏறுகிறது. ஆகவே கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அவர் என்ன மீன் மாட்டும் என்று கேட்டால் சிரிக்காதீர்கள், முகத்துவாரம் இருக்கும் திசையைக் கையால் காட்டிவிடுங்கள். புறப்படும்போது, அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் இந்த ஊர் முறை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். முறை என்று சொன்னால் டெல்டாக்காரர் கேட்டுக்கொள்வார்.