கருந்திரை இயல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், சுட்டியையும் படக்குறிகளையும் துறந்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழைக்கும் பழைய வழிக்கே மீண்டோரின் இலக்கணமும், அவர் கையில் அகப்படும் மூத்த மென்பொருள்களின் ஆயுள்நிலையும் உணர்த்துதல் நுதலிற்று. பாயிரம் இவ்வளவே போதும். அவையடக்கம், நூற்பயன் என்று நீட்டினால் கருந்திரை மரபுக்கே விரோதம். அது வளவளப்பைப் பொறுக்காது.

மீண்டோர் மூவகையர்: இல்லாமையால் மீண்டார், வீம்பால் மீண்டார், விதியால் மீண்டார். புது மடிக்கணினி வாங்கக் காசில்லாமல் பழையதில் லினக்ஸ் ஏற்றியவர் முதல் வகை. இரண்டாம் வகையினரைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டாம். காப்பிக் கடையில் திரை நாலு பேர் பார்வையில் படும்படி உட்கார்ந்திருப்பார்; கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அலுவலக சர்வர் விழுந்து, படக்குறி ஒன்றுகூட இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர் மூன்றாம் வகை. மூவருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுண்டு. அடுத்தவர் கணினியைத் தொட்டால், ‘இதுக்கு எதுக்குங்க இத்தனை கிளிக்?’ என்று கேட்காமல் எழுந்து வர அவர்களால் ஆகாது.

கருந்திரையின் தலையாய குணம் மௌனம். ஒரு கோப்பை நகலெடுக்க ‘சிபி’ என்று தட்டுகிறோம். வேலை முடிந்ததற்கு அது தரும் அறிவிப்பு ஒன்றுமில்லை. அடுத்த கட்டளைக்கான குறி வந்து நிற்கும், அவ்வளவே. தப்பு நேர்ந்தால் மட்டும் வாய் திறக்கும். புதிதாக வந்தவர் இதை அவமரியாதையாகக் கொண்டு, ‘முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போகும்?’ என்று கடாவுவர். குறைந்துதான் போகும். 1969இல் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு அடிபோட்ட காலத்தில் கணினியோடு பேச வாய்த்தது டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சுப் பொறி. கணினியின் பதிலைக் காகிதச் சுருளில் அடித்துத் தரும். வேகம் நொடிக்கு 10 எழுத்து. ‘தங்கள் கோப்பு வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது, நன்றி’ என்று உபசாரம் பேச ஆரம்பித்தால், அது கடகடவென்று அடித்து முடிக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டும், காகிதமும் தண்டம். கட்டளைகளும் ஆகவேதான் எல்எஸ், எம்வி, ஆர்எம் என்று ஈரெழுத்தில் அடங்கின. பொறி போயிற்று, காகிதம் போயிற்று, சிக்கனம் மட்டும் தங்கிவிட்டது. ‘ஆர்எம்’ ஒரு கோப்பை அழிக்கும்போதும் இதே மௌனந்தான். குப்பைத்தொட்டியில் போட்டு வைத்து, மனசு மாறினால் எடுத்துக் கொடுக்கும் தாட்சண்யம் அதற்குக் கிடையாது.

செத்த பொறியின் பழக்கம் உயிரோடிருப்பவர் கையில் தொடர்வதை ‘எச்ச வழக்கு’ எனக் குறிப்போம். கோப்புகளை ஒரு மூட்டையாகக் கட்டும் ‘டார்’ இதற்கு உத்தம உதாரணம். ‘அ’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கோப்பாக எழுதினேன், 3 பைட். அதை டாரிடம் கொடுத்தால் திரும்பி வரும் மூட்டை 10,240 பைட். 512 பைட் கட்டங்கள் இருபதைச் சேர்த்து ஒரே வீச்சாகக் காந்த நாடாவில் எழுதிப் பழகியது அது. நாடாவைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை வந்த பிறகும், மிச்ச இடத்தைச் சுழியத்தால் நிரப்பித்தான் தரும்.

அடுத்த உதாரணம் ‘விஐ’ என்னும் திருத்தி. 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் இதை எழுதியபோது, அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்பு வரைந்திருந்தது. இன்று அம்பு விசை இல்லாத பலகை எங்கே இருக்கிறது? இருந்தும் விஐ பழகியவர் விரல் அந்த நாலு எழுத்தைவிட்டு நகராது. விஐயின் வாரிசான விம்முக்குள் நுழைந்தவர் வெளியேறுவது எப்படி என்பது தனி ஆராய்ச்சி. நிரலாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளியும் தளம் ஒன்றில் இந்த ஒரு கேள்வியை 2017க்குள் 10 லட்சம் முறை திறந்து பார்த்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள் என்பதற்குத் தரவு இல்லை.

இனி ஆயுள்நிலை. வயதில் மூத்தது முதலில் காலாவதியாகும் என்பது உலக வழக்கு. கருந்திரையில் அது செல்லாது. யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் கண்ட எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் எல்லாம் அதே பேரில் இன்றும் அதே வேலையைப் பார்க்கின்றன. உள்ளே இருக்கும் நிரலைப் பலர் பலமுறை திருப்பி எழுதியிருக்கிறார்கள், நடத்தை மாறவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் படாடோபமாக வந்திறங்கிய செயலிகளோ திறக்கவே மறுக்கின்றன. ஆகவே எம் துணிபு: மென்பொருளுக்கு மூப்பில் சாவில்லை; கண்டம் நடுவயதில். முதியவை தம் காலில் நிற்கின்றன. நடுவயதினருக்கோ எங்கோ ஒரு சர்வர் உயிரோடிருக்க வேண்டும், யாரோ ஒரு சான்றிதழைப் புதுப்பித்திருக்க வேண்டும், சரியான பதிப்பில் நூலகங்கள் நாற்பது இருக்க வேண்டும். அதில் ஒன்று கண்ணை மூடினால் கதை முடிந்தது.

சான்று காட்டுதும். பரணிலிருந்து இறக்கிய 32 பிட் மடிக்கணினி ஒன்று. தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துக் கிடந்ததால், அதைப் பொறுத்தவரை அன்று 2000 ஜனவரி 1. உலாவியைத் திறந்தால், எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்றது. கருந்திரையில் ‘டேட்’ கட்டளையால் தேதியைத் திருத்தினேன். உடனே சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றது. பிறக்கவேயில்லை என்று சொன்ன அதே வாய், மறு நிமிஷம் செத்துவிட்டது என்கிறது. இதுவும் பொய்யில்லை. ஏராளமான தளங்கள் நம்பியிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று ஆயுள் முடிந்தது; அதன்பின் மேம்படுத்தாத கணினிகளுக்கெல்லாம் பாதி இணையம் அடைபட்டது. சரி, மேம்படுத்தலாம் என்று போனால் மென்பொருள் கிடங்கு பழைய முகவரியில் இல்லை, 404. பழைய பதிப்புகளை வேறொரு ஆவணக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். முகவரியைத் திருத்தியதும், பட்டியல் கிடைத்தது, ஆனால் பட்டியலே காலாவதி என்றது. புதுச் சான்றிதழ் வேண்டுமானால் பத்திரமான இணைப்பு வேண்டும். பத்திரமான இணைப்புக்குப் புதுச் சான்றிதழ் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கடைசியில் வேறொரு கணினியிலிருந்து சான்றிதழ்க் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து ‘சிபி’ போட்டேன். அது வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழுக்கும் இவ்விதி பொருந்துமோ எனின், பொருந்தும். யூனிகோடு பரவுமுன் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை இன்று கருந்திரையில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் கோப்பில் இல்லை, எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு போனதும் மிஞ்சியது பிதற்றல். நடுவயதுச் சாவு. அதே தலைமுறைக் குறியாக்கமான ‘டிஸ்கி’க்கு யோகம் இருக்கிறது: லினக்ஸில் ‘ஐகான்வ்’ என்ற கட்டளைக்கு டிஸ்கி தெரியும், ஒரு வரியில் யூனிகோடாக்கிக் கொடுத்துவிடும்.

யூனிகோடுத் தமிழ் கருந்திரைக்குள் கால்வைத்த வரலாறு சுவையானது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வகுத்தவர் டெலிடைப் காலத்து அதே கென் தாம்சன்; கூட இருந்தவர் ராப் பைக். பழைய கட்டளைகள் உலக மொழிகளை அறியாமலே சுமக்கும்படி செய்ததே அதன் சூட்சுமம். சிபிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சேதாரமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுமப்பது வேறு, அறிவது வேறு. ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் உள்ள கோப்பை, வரிமுறிவும் சேர்க்காமல், எண்ணும் கட்டளையான ‘டபிள்யூசி’யிடம் கொடுத்தால் பைட் 15 என்கிறது. எழுத்து எத்தனை என்றால் 5 என்கிறது. ழகரத்தின் புள்ளியும் மகரத்தின் விசிறியும் அதற்குத் தனித்தனி ஆள். மூன்று என்று சொல்ல ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வேண்டும். திரையில் காட்டும்போதும் இடைஞ்சல்தான். கருந்திரை என்பது கட்டம் போட்ட தாள். வரிக்கு 80 கட்டம் என்ற கணக்கு 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையிலிருந்து வருவது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வகுத்த இடத்தில், இருபக்கமும் ஆள் வைத்துக்கொண்டு வரும் ‘கொ’ எங்கே உட்காரும்? தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளை எல்எஸ் பட்டியலிட்டால் பத்திகள் கோணிக்கொண்டு நிற்கும்.

ஈண்டு ஒரு மறுப்பு. ‘பழையதைக் கட்டி அழுபவர் சோம்பேறி’ என்பர் சிலர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் பெரு நாவல் வரிசையை இணையத் தொடர்பே இல்லாத டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டு எழுதுபவர். எதையும் சாராத மென்பொருள், எனவே சாகவில்லை. ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவது வருமுன் வாசகர் தலை நரைத்தது. அதற்கு வேர்ட்ஸ்டார் பொறுப்பன்று என்பதே எம் கருத்து.

புறனடை. மூத்தவற்றுக்கும் ஒரு கண்டம் உண்டு. யுனிக்ஸ் வழிக் கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 தொட்டு நொடி நொடியாக எண்ணுபவை. அவ்வெண்ணை 32 பிட்டில் வைத்திருப்பவை 2,147,483,647 வரைதான் எண்ணும். 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பி, மறு நொடி 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். 64 பிட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. நம் பரண் மடிக்கணினி 32 பிட் ஆதலின் அதற்கு மட்டும் ஒரு பரிகாரம்: 2038 பிறந்ததும் ஆண்டை 2010 என்று வைத்துவிடலாம். 28 வருஷத்துக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் மறுபடி ஒத்துவரும். உலாவி பழையபடி சான்றிதழ் பிறக்கவில்லை என்று ஒப்பாரி வைக்கும், வைக்கட்டும். ராகுகாலம் கிழமையைப் பார்த்து வருவது, ஆகவே அதில் பிசகு வராது.