214 கோடிக்கு ஒரு பகா எண்

கேள்வி: 2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: யாருக்கும் பங்கு கொடுக்காத எண் அம்மா அது! 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது.

கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 1772-இல் இதை நிரூபித்தார் கணித மேதை ஆய்லர். இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள எல்லா பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தால் ஆயுசு போதுமா? இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று கண்டுகொண்டார். 3, 5, 7, 11 எல்லாம் வாசலிலேயே அவுட். இந்த வடிவில் முதலில் வரும் பகா எண் 311. நீங்களே வகுத்துப் பாருங்கள், மீதி 35 நிற்கும். இப்படியே மற்றவற்றாலும் வகுத்துக் கழித்தால் ஒன்றும் தேறாது. பலத்தால் அல்ல, புத்தியால் வென்ற கணக்கு. எனக்கு இதைவிட அழகான வேலை தெரியாது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

கணினியிலும் இந்த எண் வருகிறது. 32 பிட் கணினிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரம் காட்டுகின்றன. அவற்றால் எண்ண முடிந்த உச்ச எண்ணும் இதே எண்தான். நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதற்குள் மாற்றிவிடுங்கள்.