எட்டே முக்கால் லோக்கல்

எண்பதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஓடாமல் வேலைக்குப் போன பெண் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. தெலங் ரோடு, பாவ்தாஜி ரோடு, பண்டார்கர் ரோடு என்று எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டாலும் கடைசிக் கொஞ்ச தூரம் ஓட்டம்தான். ஒரு கையில் டிபன் பை, மறு கையில் புடவைக் கொசுவம், காலில் செருப்பு. எங்கள் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி மட்டும்தான் நிற்கும். ஃபாஸ்ட் வேண்டுமென்றால் தாதர் போகவேண்டும். மார்க்கெட் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாலம் ஏறி இறங்கவேண்டும். வண்டி நிற்பதோ அரை நிமிஷம்கூட இல்லை. அதற்குள் லேடீஸ் டப்பா நிற்கும் இடத்துக்குப் போய், கம்பியைப் பிடித்து, உள்ளே நுழைந்தாக வேண்டும். எட்டே முக்கால் வண்டியைத் தவறவிட்டால் வி.டி.யில் (விக்டோரியா டெர்மினஸில்) இறங்கி ஆபீஸ் சேர்வதற்குள் மஸ்டரில் சிவப்பு மை விழுந்திருக்கும். மூன்று லேட் மார்க் சேர்ந்தால் லீவில் கழிப்பார்கள்.

‘இன்னிக்கு ஓடணும்போல இருக்கா?’ என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளும் ஓடினேன். குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத காலையிலும் ஓடினேன். அந்த ஓட்டத்தை நான் மனதார வெறுத்தேன். காலைக் காபியை உட்கார்ந்து குடிக்கிற வாழ்க்கை என்றைக்கு வரும் என்று ஆஸ்திக சமாஜக் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டதுண்டு.

அப்போது வண்டியைப் பிடிக்க அல்லாமல் ஒரு பெண் தெருவில் ஓடினால் நாலு பேர் வழிமறித்து, “என்ன ஆச்சு மாமி, ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று பதறியிருப்பார்கள். ஓடுவதற்காகவே ஓடியவர்கள் ஜிம்கானா பக்கம் கிரிக்கெட் ஆடப் போகிற பையன்கள் மட்டும்தான்.

வேண்டிக்கொண்டது கிடைத்தது. ரிட்டயர் ஆனேன். காபியை உட்கார்ந்தே குடித்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்து நின்றது. “வேகமா நடங்கோ, பழகினப்புறம் மெதுவா ஓடுங்கோ” என்றார் டாக்டர். பிள்ளை நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தான். ஃபைவ் கார்டன்ஸ் தோட்டமோ வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எல்லாம் இருந்தும் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சிவப்பு மையும் இல்லை, கிளம்பிப் போகிற வண்டியும் இல்லை. ஆறு மணிக்குப் போனாலும் ஏழு மணிக்குப் போனாலும் தோட்டம் அங்கேயேதான் இருக்கும். போகாவிட்டாலும் ஒன்றும் சொல்லாது.

அந்தத் தோட்டம் வந்த கதையைத் தெரிந்துகொண்டபோது என் சோம்பல் எனக்கே பொறுக்கவில்லை. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெருக்கமும் இருட்டும் காற்றோட்டமின்மையும் ஆளைக் கொல்கின்றன என்று பயந்துதான் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என்று வடக்கே அகலத் தெருக்களும் திறந்த வெளிகளுமாகப் புது ஊர் பிறந்தது அந்தத் திட்டத்தில்தான். மக்கள் மூச்சு விடட்டும் என்று ஒதுக்கிய இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தாராவியில் பிள்ளைகள் ஓட ஒரு முழ நிலம் கிடைக்காது.

ஆனாலும் அந்தத் தார்மீகக் கோபம் என்னை எழுப்பவில்லை. எழுப்பியது என் பழைய லேடீஸ் டப்பாத் தோழி. “நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு தோட்டத்து கேட்ல நிப்பேன். நீ வரலேன்னா நானும் ஓடமாட்டேன்” என்றாள். அவளுக்கு முட்டி வலி. எனக்காக அதோடு வந்து நிற்கிறாள் என்றால் நான் எப்படிப் படுத்திருப்பது? போனேன். மனசு வந்தபிறகு கால் கிளம்பும் என்று காத்திருந்ததுதான் இத்தனை நாளும் என்னைக் கட்டிப்போட்டது என்று அப்போது புரிந்தது. எட்டே முக்கால் வண்டிக்கு என் மனசைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு நேரம் இருந்தது, இடம் இருந்தது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாகத் தீர்மானிக்கிறவர்களைவிட, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள். ரயில்வே டைம்டேபிள் எங்களுக்கு அதைத்தான் செய்து கொடுத்திருந்தது.

இன்னொன்றையும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆரம்ப நிமிஷங்கள் எல்லோருக்கும் கஷ்டம்தான். தசை கேட்கிற ஆக்ஸிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்க்கச் சற்று நேரம் பிடிக்கும். வயதானால் இன்னும் கூட. அந்த மூச்சிரைப்பை ‘எனக்கு இது ஒத்துக்காது’ என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். இப்போது நாங்கள் இரண்டு தோட்டங்களை நடையாகவே சுற்றிவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறோம்.

மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியது. ஜனவரி ஞாயிற்றுக்கிழமையில் அதில் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு தனி ஓட்டம் உண்டு. நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். விடியற்காலையில் மாட்டுங்காவில் அதே ஸ்லோ லோக்கலில் ஏறி அதே வி.டி.யில் இறங்கினோம், இப்போது சி.எஸ்.எம்.டி. என்று பெயர். வண்டியைப் பிடிக்க ஓடிய காலம் போய், ஓடுவதற்காக வண்டி பிடித்து வந்திருந்தோம். ரயில் காலியாக இருந்தது, ஜன்னலோர சீட் கிடைத்தது. அத்தனை வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் கிடைக்காத சீட். என் தோழி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

போன வாரம் எங்கள் பில்டிங்கில் மூணாவது மாடிப் பெண் லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். ஐடி வேலை, வீட்டிலிருந்தே.

“மாமி, எனக்கும் ஓடணும்னு ஆசைதான். கார்த்தால மூடே வரமாட்டேங்கறது. நீங்க எப்படி மாமி?”

“மூடை விடுடீ. ஷூவை ராத்திரியே வாசல்ல வை. அஞ்சரைக்கு வாட்ச்மேன் நாற்காலிகிட்ட நிப்பேன்.”

“மழை பெஞ்சா?”

“குடையோட நிப்பேன்.”