இடுக்குக்கு இரட்டைக் கூலி

அந்தமானில், ஜங்லிகாட் மீன் இறங்குதுறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் இரண்டாவது கியரைத் தாண்டி யாரும் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. அந்த மேட்டில்தான் ஒரு மாருதி ஜென் நின்றது. அசுர வேகத்தில் பறக்கும்போது பின்பக்கம் தூக்கிவிடாமல் தரையோடு அழுத்திப் பிடிக்கிற ஸ்பாய்லரோடு நின்றது. வண்டி என் மச்சினனுடையது.

அந்த வேகத்தை இந்தத் தீவில் எங்கே போய்ப் பிடிப்பது? வடக்கே திக்லிப்பூர் வரைக்கும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜிர்காடாங் வந்ததும் ஜாரவா பழங்குடிக் காப்புக்காட்டுக்குள் போலீஸ் துணையோடு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் வரிசை கட்டி, முந்தாமல், நிற்காமல் போக வேண்டும். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்கிற காருக்கு ஸ்பாய்லர் எதற்குடா என்றேன். "லுக்கு அத்தான்" என்றான்.

லுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. முன் பம்பர், பின் பம்பர், பக்கவாட்டு ஸ்கர்ட், சக்கரத்துக்கு மேல் புடைப்பு, எல்லாம் ஃபைபர். ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பையனுக்கு அது போதவில்லை. பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரிகிற கோடு அவன் கண்ணை உறுத்தியது. ஃபைபர் மேட் விரித்து, ரெசின் ஊற்றி, அதன்மேல் பட்டி அப்பி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கோடே இல்லாமல் செய்துவிட்டார்கள். "ஒரே பீஸ் அத்தான், தடவிப் பாருங்க" என்று தெருவில் போனவர்களையெல்லாம் தடவ வைத்தான். தேய்ந்த சோப்புக் கட்டிபோல இருந்தது வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் சில்வர், ரோட்டில் கத்தரிப்பூ நிறம்.

சாத்தம் ஜெட்டியில் பேம்பூஃபிளாட் போகிற வண்டிப் படகில் இது ஏறுகிற காட்சியைக் காசு கொடுத்தும் பார்க்கலாம். சாய்வுப் பலகையில் முன் பம்பர் 'கர்ர்ர்' என்று அறிவிப்பு கொடுக்கும். படகில் இருக்கிற அத்தனை பேரும் திரும்புவார்கள். மச்சினன் அதைப் புகழ் என்று எடுத்துக்கொண்டான்.

பிறகு அவனுக்கு மெயின்லேண்டில் வேலை கிடைத்தது. சாவியை அக்காளிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினான். அக்காள் சாவியை என்னிடம் கொடுத்தாள். ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற காலமும் அப்போதுதான் வந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள், வண்டி செய்த கம்பெனி சொன்னதற்கு மாறிப்போகிற மாதிரி எதையும் மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். அந்த 'ஒரு' என்ற இடத்தில் எனக்கு வியர்த்தது. வண்டியைச் சுற்றி வந்து எண்ண ஆரம்பித்து, பின் சக்கரம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மச்சினன் போனில் வாதாடினான்: "2024-ல போர்ட் பிளேரையே ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. ஊரை மாத்தலாம், பம்பரை மாத்தக்கூடாதா?" கேள்வி நல்ல கேள்விதான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்க் கேட்கிற தைரியம் எனக்கில்லை.

வண்டியைப் பழையபடி ஆக்க, டிங்கரிங் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஃபெண்டரில் வைத்தார். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது. பின்பக்கம் போனார், அங்கேயும் விழுந்தது. கடைசியில் கூரையில் வைத்தார், கப்பென்று பிடித்தது. "சார், இந்த வண்டியில தகரம் கூரையில மட்டும்தான் இருக்கு" என்றார்.

கூலியைச் சொன்னார். மச்சினன் கோட்டை மூடக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு.

"பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு இடுக்கு. அதுல ஒண்ணுமே இல்லையே அண்ணே, அதுக்கா இவ்வளவு?"

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் சார் கம்பெனிக்காரன் மெஷின் வச்சுச் செய்றான். நான் கையால செய்யணும்."

பிறகுதான் அவர் பாடம் எடுத்தார். ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டியது. இடித்தால் கழற்றி மாற்றலாம். பம்பர் பிளாஸ்டிக், அது அசையும், வெயிலில் தகரத்தைவிட அதிகமாக விரியும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் நடுவே அந்த இடுக்கு. அதை அடைத்துவிட்டால் மேட்டுக்கு மேடு உடம்பு முறுக்குகிற காரில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டிதான் விட்டுக்கொடுக்கும். எங்கள் வண்டியில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்ததைக் காட்டினார். பழைய கோடு எங்கே இருந்ததோ, சரியாக அங்கேதான் ஓடியிருந்தது!

கோட்டை மூடுகிற இந்த ஆசைக்கு ஜங்லிகாட் பொறுப்பல்ல. 1940, 50-களில் கலிபோர்னியாப் பையன்கள் மெர்குரி கார்களின் இணைப்புகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி வழவழப்பாக்கினார்கள். கதவின் கைப்பிடியைக்கூடப் பிடுங்கி மூடினார்கள். அவ்வளவு ஈயம் ஏறிய வண்டிக்கு 'லெட் ஸ்லெட்' என்று பெயர். அதோடு பார்த்தால் என் மச்சினன் அடக்கமான பிள்ளை; கைப்பிடியை விட்டுவைத்தான்.

கிரைண்டர் வைத்ததும் தெருவே வெள்ளைப் புகை. உரித்தால் பட்டி, அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் துரு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், உப்புக் காற்றில், பட்டிக்கடியில் தகரம் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். சக்கரத்துக்கு மேல் விரலை விட்டால் மறுபக்கம் வந்தது. அந்தப் பகுதியை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தார். பிறகு பெயின்ட் விஷயத்தில் தலையில் கைவைத்தார். சில்வர்தான் இருப்பதிலேயே பிடிவாதமான நிறமாம்: ஸ்ப்ரே கன்னின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும், தின்னர் ஒரு சொட்டுக் கூடினாலும் உள்ளே மினுங்குகிற துகள் வேறு மாதிரி படுத்துவிடும். மழை விட்டால் அடிக்கலாம், ஆனால் டிசம்பரில் எங்களூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. டியூப் லைட்டில் பார்த்த சில்வர் காலையில் சாம்பலாக இருந்தது. புது நிறத்தைப் பக்கத்துக் கதவு வரைக்கும் கரைத்துக் கரைத்து அடித்துத்தான் சரிசெய்தார். கோடு தெரிய வேண்டிய இடத்தில் கோடு, தெரியக்கூடாத இடத்தில் கரைசல். அண்ணனுக்கு இந்த வித்தியாசம் தெரியும், மச்சினனுக்குத் தெரியவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு செலவு செய்திருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அண்ணனிடம் சொன்னேன். "யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்கலேல்ல? அதுக்குத்தான் சார் காசு" என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு படி மேலே போய், "உங்க வண்டியை வித்துட்டீங்களா? இது யாரோட பழைய ஜென்?" என்று கேட்டார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. 1993-ல் வந்த இந்த ஜென்னை மாருதி 2006-லேயே நிறுத்திவிட்டது. ஒரிஜினல் பின் பம்பர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஃபைபரையே அறுத்து, இழைத்து, ஏறக்குறைய ஒரிஜினல் என்று சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்து, இடுக்கு விட்டு மாட்டியிருக்கிறோம். சென்னையிலோ மதுரையிலோ உங்கள் வீட்டு மாடியில் பழைய ஜென் பின் பம்பர் ஏதாவது கிடந்தால் அந்தமான் கப்பலில் ஏற்றிவிடுங்கள். எந்த நிறமானாலும் பரவாயில்லை. கூலியும் கப்பல் வாடகையும் மச்சினன் கொடுப்பான்.