சிரிப்புக்கு அடிக்குறிப்பு

பிள்ளைகளுக்கு ஜோக் புத்தகம் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். விலையும் குறைவு, பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும். ஆனால் வீட்டில் அதை உரக்க வாசிக்கப்போவது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது.

வார இதழ்களில் வந்த பழைய ஜோக்குகளின் தொகுப்பு அது. முதல் ஜோக்கிலேயே டிரங்க் கால் வந்தது.

"டிரங்க் கால்னா யானையோட காலாப்பா?" என்றாள் மகள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து, மணிக்கணக்கில் காத்திருந்து, மூன்று நிமிடக் கணக்கில் காசு கொடுத்துக் கத்திப் பேசிய வரலாற்றை நான் சொல்லி முடித்தபோது, ஜோக் எதைப் பற்றி என்பது எனக்கே மறந்திருந்தது. அடுத்தது மாமியார் ஜோக். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அம்மா. புரட்டிவிட்டேன். அதற்கடுத்த நாலு பக்கமும் டாக்டரும் நர்ஸும். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மொத்தமாகத் திருப்பினேன்.

மன்னர் ஜோக்குகள் வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் கேட்டது. போர் முரசு கேட்டதும் சுரங்கப்பாதைச் சாவியைத் தேடும் மன்னருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பிள்ளைகள் மன்னரைப் பார்த்ததில்லை. வீராப்புப் பேசிவிட்டுக் கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறும் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள்.

அதைவிட நன்றாக எடுபட்டது, புத்தகத்தை மூடிவிட்டு நான் சொன்ன பரமார்த்த குரு கதை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடனையும், குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கிவரும் கூட்டத்தையும் கேட்டு மகன் தரையில் உருண்டான். சென்ற தலைமுறையின் ஜோக்குக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது. இருநூறு ஆண்டுக்கும் மேல் பழையதற்கு வேண்டியதில்லை. தந்தியும் டிரங்க் காலும் போய்விடும். முட்டாள்தனம் எங்கே போகும்?

இருந்தாலும் குடும்பத்தோடு கூடிச் சிரிக்க ஏற்றது கடி ஜோக்தான். "எந்த மீன்ல குழம்பு வைக்க முடியாது?" "விண்மீன்!" இதற்கு யாரும் சிரிக்க வேண்டிய கட்டாயமில்லை. தலையில் அடித்துக்கொண்டால் போதும். மற்ற ஜோக்குகள் தோற்றால் சொன்னவர் முகம் வாடும். கடி ஜோக் எவ்வளவு மோசமோ அவ்வளவு வெற்றி. ஆகவே சிறுவர்களும் பெரியவர்களும் சம பலத்தோடு மோதக்கூடிய ஒரே ஆட்டம் இது.

அரசு வேலையில் ஓய்வுபெற்ற என் அப்பா கூடக் களத்தில் இறங்கினார்.

"எந்தப் படி ஏறினாலும் மாடிக்குப் போக முடியாது?"

எல்லோரும் விழித்தோம்.

"பஞ்சப்படி!"

அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பஞ்சப்படி, அதாவது அகவிலைப்படி, என்றால் என்ன, அது எத்தனை சதவீதம், நிலுவை எப்போது வரும் என்று பேத்திக்குப் பாடம் நடத்தினார். தோசை ஆறிப்போனது. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்துத் தொலைக்காட்சியில் அகவிலைப்படி உயர்வு அறிவிப்பு ஓடியது. சமையலறை வரைக்கும் கேட்கும்படி அவள் கத்தினாள்:

"தாத்தா! படி ஏறிடுச்சாம். மாடி கட்டிடலாமா?"