செத்தும் படம் காட்டும்

செல்போன் செத்தால் திரை கறுத்துவிடும், ஊரே நம்பும். மின்னூல் வாசிப்பான் செத்தால் யாரும் நம்புவதில்லை. அதன் திரையிலுள்ள கறுப்பு வெள்ளைத் துகள்கள் ஒருமுறை இடம்பிடித்துவிட்டால், மின்சாரம் இல்லாமலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டிலில் பழைய ஒன்றை இயக்கினால் மரத்தடியில் ஒரு பையன் படித்துக்கொண்டிருக்கும் படம் வரும். அந்தப் படத்தோடு உறைந்துபோன கருவியைச் சிவகிரியில் ஒரு செல்போன் கடையில் நீட்டிப் பாருங்கள்.

"டிஸ்பிளே நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, படம் தெரியுதுல்லா?"

படம்தான் நோயே என்று விளக்குவதற்குள் தென்காசி பஸ் போய்விடும்.

பிறகென்ன, கைவைத்தியம்தான். பவர் பட்டனை 40 விநாடி அமுக்கணும். பலிக்காவிட்டால் மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றணும். அதற்கும் பையன் அசையவில்லையென்றால் ஃபர்ம்வேர் கோளாறு. போர்டின் ஓரத்தில் கடுகளவு புள்ளிகளில் ஒயரைப் பற்றவைத்து, உள்ளே படுத்திருக்கும் லினக்ஸிடம் கெஞ்சணும். அங்கே தாங்குவது 1.8 வோல்ட். அவசரத்தில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் மிச்ச உயிரும் போகும். படம் மட்டும் போகாது.

2009-இல் அமேசான், தான் விற்ற ஆர்வெலின் '1984' நாவலை வாசகர்களின் கருவிகளிலிருந்து சத்தமில்லாமல் உருவிக்கொண்டது. செத்த கிண்டிலிடம் அந்த ஜம்பம் பலிக்காது.